வலி இல்லையா, வலியின் நினைவு இல்லையா? மூளை ஸ்கேன் தரும் பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது பைலை சேவ் செய்யும் முறையைத்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கடிதத்தை டைப் செய்கிறீர்கள். சேவ் செய்யவில்லை. தானாக சேவ் செய்யும் வசதியும் அந்த சாப்ட்வேரில் இல்லை. திடீரென மின்சாரம் போய்விடுகிறது. மீண்டும் கம்ப்யூட்டரை இயக்கினால் கடிதத்தைக் காணோம். அப்படியானால் கடிதம் டைப் செய்யப்படவே இல்லையா? டைப் செய்யப்பட்டது. எல்லா எழுத்துக்களும் மானிட்டரில் வரிசையாக வந்தன. ராம் மெமரியிலும் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் பதியவில்லை.

இதே கேள்வியை மனித மூளையை வைத்தும் கேட்கலாம். எண்டோஸ்கோபி போன்ற சிகிச்சைகளுக்கு முன்னால் அரைத்தூக்க நிலைக்குக் கொண்டு செல்லும் ஊசி போடுவார்கள். என் தாயாருக்கும் ஒருமுறை போட்டார்கள். முடிந்து வெளியே வந்தவர், "ஒன்றுமே தெரியவில்லை" என்றார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவர் முனகியது கேட்டது. அவருக்கு வலி இல்லையா? அல்லது வலி இருந்து, அது நினைவில் பதியவில்லையா? நோயாளியைக் கேட்டால் பதில் கிடைக்காது. பதியாத பைலை எப்படித் திறப்பது?

மூளையையே படம் எடுத்து இதற்கு விடை தேடுகிறார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி கம்ப்யூட்டருடையது. அது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு மருந்துகள்

முதலாவது மிடாசோலம். இது மூளையில் இயல்பாகவே உள்ள காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. காபாவின் வேலை நரம்புச் செல்களை அடக்கி வைப்பது. அதனால் பதற்றம் குறைகிறது, தூக்கம் வருகிறது, அந்த நேரத்தில் நடப்பவை நினைவில் பதிவதும் குறைகிறது. ஆனால் இது வலி நிவாரணி அல்ல. அதனால்தான் வலி தரக்கூடிய சிகிச்சைகளில் மருத்துவர்கள் இதோடு வலியைக் குறைக்கும் மருந்து ஒன்றையும் சேர்த்துத் தருவது வழக்கம்.

இரண்டாவது கெட்டமின். இது என்எம்டிஏ என்ற வேறு வகை வாயிலை அடைக்கிறது. குறைந்த அளவிலேயே வலியைக் குறைக்கும்.

இரண்டுமே மயக்க மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருபவை. ஆனால் வலிக்கும் நேரத்தில் இவை மூளைக்குள் என்ன மாற்றம் செய்கின்றன என்பதுதான் முழுதாகத் தெரியாமல் இருந்தது.

பிக்சல் தெரியும், வாக்சல் தெரியுமா?

உங்கள் டிஜிட்டல் கேமரா படம் பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆனது. மூளை ஸ்கேன் படத்திற்கு நீளம், அகலத்தோடு ஆழமும் உண்டு. எனவே இங்கே சதுரத்திற்குப் பதில் சிறு கட்டி. இதன் பெயர் வாக்சல். ஒவ்வொரு வாக்சலும் கம்ப்யூட்டருக்கு ஓர் எண் மட்டுமே.

எப்எம்ஆர்ஐ என்ற முறையில் மூளையை மீண்டும் மீண்டும் படம் எடுக்கிறார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜனை இழந்த ரத்தமும் காந்தத்திற்கு வெவ்வேறு விதமாகக் கட்டுப்படுகின்றன. இந்த வேறுபாட்டைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று 1990ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த செய்ஜி ஒகாவா காட்டினார். இன்று பரவலாகப் பயன்படும் 3 டெஸ்லா ஸ்கேனரின் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைப் போல் சுமார் 60,000 மடங்கு.

எவ்வளவு டேட்டா வரும் என்று ஒரு கணக்குப் போடுவோம்.

1. ஒரு படத்தில் 64 x 64 x 35 வாக்சல்கள் என்று கொள்வோம். மொத்தம் 1,43,360.
2. ஒரு வாக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு படத்திற்கு 280 கிலோ பைட்.
3. 2 விநாடிக்கு ஒரு படம் வீதம் 10 நிமிடத்தில் 300 படங்கள்.
4. ஆக, சுமார் 82 மெகா பைட்.

இது ஒருவருக்கு, ஒரு தடவைக்கு மட்டும். இதை ஆராய எஸ்பிஎம், எப்எஸ்எல், ஏஎப்என்ஐ போன்ற சாப்ட்வேர்கள் உள்ளன. ஸ்கேனில் படுத்திருப்பவர் தலையைச் சில மில்லிமீட்டர் அசைத்தாலும் வாக்சல்கள் இடம் மாறிவிடும். எனவே சாப்ட்வேர் முதலில் எல்லாப் படங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்துகிறது. பிறகு வலி கொடுத்த நேரத்திலும் கொடுக்காத நேரத்திலும் ஒவ்வொரு வாக்சலின் எண்ணும் எப்படி இருந்தது என்று ஒப்பிடுகிறது. வேறுபாடு மிகச் சிறியது. பெரும்பாலும் நூற்றில் ஓரிரு பங்குதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே கம்ப்யூட்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

சோதனை எப்படி நடந்தது?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மயக்க மருத்துவர் கீத் வோக்ட்டும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. தாமாக முன்வந்த 26 ஆரோக்கியமான பெரியவர்கள் இதில் பங்கு பெற்றனர். ஸ்கேனருக்குள் இருக்கும்போது அவர்கள் காதில் சொற்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. சில சொற்களோடு மட்டும் மின் அதிர்ச்சியால் வலி கொடுக்கப்பட்டது. மருந்து இல்லாத வெறும் உப்புநீர் ஏறும்போதும், லேசான அளவில் மருந்து ஏறும்போதும் இது நடந்தது. மறுநாள் நினைவாற்றல் சோதனை. முதல் நாள் கேட்ட சொற்களோடு புதிய சொற்களையும் கலந்து தந்து, எது கேட்டது, எது கேட்காதது என்று சொல்லச் சொன்னார்கள்.

புதிய சொற்களை ஏன் கலக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் "கேட்டேன், கேட்டேன்" என்று ஒருவர் சொன்னால் பழைய சொற்களில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார். ஆனால் அவருக்கு எதுவும் நினைவில் இல்லை! ஆகவே தவறாகச் சொன்ன "கேட்டேன்"களையும் கணக்கில் எடுத்துக் கழிக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் மதிப்பெண்ணை டி பிரைம் என்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

டி பிரைம் கணக்கை எக்ஸெலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ போடலாம்.

1. ஏ1 செல்லில் 0.8 என்று டைப் செய்யுங்கள். பழைய சொற்களில் 80 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார் என்று பொருள்.
2. பி1 செல்லில் 0.2 என்று தாருங்கள். புதிய சொற்களில் 20 சதவீதத்தைத் தவறாக "கேட்டேன்" என்றார்.
3. சி1 செல்லில் முதலில் சமக்குறி. அடுத்து, ஆங்கிலத்தில் என், ஓ, ஆர், எம், எஸ், ஐ, என், வி என்ற எட்டு எழுத்துக்களை இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். பின் அடைப்புக்குறிக்குள் ஏ1.
4. அதே செல்லில் தொடர்ந்து கழித்தல் குறி. மறுபடியும் அதே எட்டு எழுத்துக்கள். அடைப்புக்குறிக்குள் பி1. என்டர் தட்டுங்கள்.

விடை 1.68 என்று வரும். இப்போது ஏ1ல் 0.9, பி1ல் 0.6 என்று மாற்றுங்கள். விடை 1.03 ஆகக் குறைகிறது. 90 சதவீதம் சரியாகச் சொன்னவர் 80 சதவீதம் சொன்னவரைவிடப் பின்தங்கிவிட்டார். இரண்டிலும் 0.5 தந்தால் விடை 0. அதாவது வெறும் ஊகம்.

முடிவு என்ன?

இனி ஆய்வின் எண்களைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். இவை நடு மதிப்புகள்.

உப்புநீர்: 1.78
கெட்டமின்: 1.55
மிடாசோலம்: 0.73

ஏ1ல் 0.64, பி1ல் 0.36 என்று தந்து பாருங்கள். 0.72 வரும். மிடாசோலம் பெற்றவர்களின் நினைவு ஏறக்குறைய அந்த நிலையில் இருந்தது. இரண்டு மருந்துகளுமே நினைவைக் குறைக்கும் என்று எண்ணித்தான் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆனால் மிடாசோலம்தான் தெளிவாகக் குறைத்தது.

படங்கள் என்ன சொல்லின? மருந்து இல்லாதபோது நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ், வலியோடு தொடர்புடைய இன்சுலா, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா ஆகிய பகுதிகளில் செயல்பாடு தெரிந்தது. அடுத்ததாக, முன்கூட்டியே தேர்ந்தெடுத்த 17 இடங்கள் மூளையின் மற்ற இடங்களோடு எப்படி இணைந்து செயல்படுகின்றன என்று பார்த்தார்கள். இரண்டு இடங்களின் எண்கள் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் அவற்றுக்குள் இணைப்பு இருப்பதாகக் கொள்வார்கள்.

கெட்டமின் 17 பகுதிகளுக்கான இணைப்பைக் குறைத்தது, 2 பகுதிகளுக்குக் கூட்டியது. மிடாசோலம் இதற்கு நேர்மாறு. 20 பகுதிகளுக்கான இணைப்பைக் கூட்டியது, 8 பகுதிகளுக்கு மட்டுமே குறைத்தது.

இதைக் கவனியுங்கள். மிடாசோலம் லேசாக ஏறியிருக்கும்போது வலி கொடுத்தால், மறுநாள் விவரம் நினைவில் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் அந்த நேரத்தில் மூளை அடங்கிப் போய்விடவில்லை. பல பகுதிகள் முன்னைவிட ஒத்திசைந்தே இயங்கின. "எனக்கு நினைவில்லை" என்பதை மட்டும் வைத்து "அப்போது ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லிவிட முடியாது.

செத்த மீனும் யோசிக்குமா?

ஸ்கேன் படத்தில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. 2009ல் கிரெக் பென்னட் என்ற ஆய்வாளரும் அவரது நண்பர்களும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் போட்டோக்களைக் காட்டினார்கள். கணக்கைச் சரியாகத் திருத்தாமல் விட்டால் மீனின் மூளையிலும் "செயல்பாடு" தெரிந்தது! 2012ல் இதற்கு இக்நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது.

காரணம் எளிது. நம் கணக்கில் 1,43,360 வாக்சல்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, ஆயிரத்தில் ஒரு தவறை அனுமதித்தாலும் சுமார் 143 வாக்சல்கள் தற்செயலாகவே ஒளிரும். நூற்றுக்கு 5 என்று அனுமதித்தால் 7,168. இதற்கான திருத்தத்தைச் செய்யும் வசதி சாப்ட்வேரிலேயே உண்டு. பயன்படுத்துபவர் அதைச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேனர் அளப்பது வலியை அல்ல, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் மாற்றத்தை. அதுவும் சில விநாடிகள் தாமதமாக. மேலும் பிட்ஸ்பர்க் ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள், மருந்தின் அளவும் லேசானது. அறுவை சிகிச்சைக்கான முழு மயக்கத்திற்கு இந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

நமக்கு என்ன பயன்?

உங்களுக்கோ வீட்டில் உள்ளவர்களுக்கோ இத்தகைய சிகிச்சை நடக்க இருந்தால் பயப்பட வேண்டாம். முன்கூட்டியே மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைப் பேசுங்கள். ஒன்று, நீங்கள் சாப்பிடும் தூக்க மாத்திரைகளையும் மற்ற மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு, "தூங்க வைக்கும் மருந்தோடு வலிக்கும் தனியாக மருந்து தருவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பயிற்சி: ஒருவர் பழைய சொற்களில் 70 சதவீதத்தைச் சரியாகவும், புதிய சொற்களில் 30 சதவீதத்தைத் தவறாகவும் சொன்னார். டி பிரைம் என்ன? எக்ஸெலில் போட்டுப் பார்த்துவிட்டு விடையைச் சரிபாருங்கள். விடை: 1.05. பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள்!