பிரதிநிதித்துவங்களை வைத்தே வழுவழுப்பை அறியலாமா?

கேள்வி: ஒரு குல ஸ்கீம் வழுவழுப்பானதா என்பதை அதன் பிரதிநிதித்துவங்களின் கேட்டகரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் டென்சர் பெருக்கலும் கையில் இருக்க வேண்டும். k என்ற ஒரு களத்தின் மீதான அஃபைன் இயற்கணிதக் குல ஸ்கீம்களையே இங்கே கருதுவோம். களத்தின் சிறப்பியல்பு எண் 0 என்றால் கார்ட்டியே தேற்றப்படி எல்லாமே வழுவழுப்பானவை. சிக்கல் முழுவதும் அது ஒரு பகா எண் p ஆக இருக்கும்போதுதான்.

டென்சர் பெருக்கல் ஏன் தேவை? p உறுப்புகள் கொண்ட சுழற்குலம் வழுவழுப்பானது. p-ஆம் அடுக்கு 0 ஆகும் உறுப்புகளின் கூட்டல் குலமான ஆல்ஃபா-p அப்படியல்ல. அதன் ஆயவளையத்தில் x பூச்சியமல்ல, xᵖ பூச்சியம். ஆயினும் இரண்டின் பிரதிநிதித்துவங்களும் k[x]/(xᵖ) என்ற ஒரே வளையத்தின் மாட்யூல்களே. வெறும் கேட்டகரியால் இவற்றைப் பிரித்தறியவே முடியாது.

பிரித்துக் காட்டுவது ஃப்ரோபீனியஸ் திரிபு. V என்ற பிரதிநிதித்துவத்தின் p மடி டென்சர் பெருக்கலில் சமச்சீர் உறுப்புகளை p-ஆம் சமச்சீர் அடுக்குக்கு அனுப்பினால், கிடைக்கும் பிம்பமே திரிந்த V. குலத்தைத் தொடாமல், டென்சர் அமைப்பிலிருந்தே அது கிடைத்துவிடுகிறது என்பதுதான் இதன் அழகு. ஆல்ஃபா-p-இல் திரிந்த பிரதிநிதித்துவம் ஒவ்வொன்றும் அற்பமானது. சுழற்குலத்திலோ, அதன் பிறப்பாக்கியைக் குறிக்கும், மூலைவிட்டத்திலும் அதன் மேலும் 1 கொண்ட 2×2 அணி, உறுப்புகளை p-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் மாறுவதில்லை.

செம்மைக் களத்தின் மீது பொது விதி இது: திரிபு ஃபங்க்டர் முழுமையாகவும் உண்மையாகவும் இருந்து, அதன் பிம்பம் உட்பொருள்களை எடுத்தாலும் மூடியிருந்தால், அப்போது மட்டுமே குலம் வழுவழுப்பானது. ஃப்ரோபீனியஸ் மார்பிசம் உண்மைத் தட்டையானது என்பதற்கு இது நிகர்.