752 மடங்கும் அதில் அடங்காதவர்களும்

நம்பிக்கை: பெரிய அதிகாரிகளின் சம்பளம் பரம ரகசியம்.

உண்மை: பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் அதை ஒளிக்க முடியாது. ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 197-ஆம் பிரிவு. அந்தப் பக்கம்வரை புரட்டுவோர் குறைவு, அவ்வளவுதான்.

நம்பிக்கை: அப்படியானால் அந்த மடங்குதான் உண்மையான இடைவெளி.

உண்மை: இல்லை. இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக் 2024-25-இல் பெற்றது 80.62 கோடி ரூபாய். அதில் 49.5 கோடி பங்குகளாக வந்தது. அறிக்கை சொல்லும் மடங்கு 752.

ஊழியர்களைச் சம்பளப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் இருப்பவரோடு ஒப்பிட்ட கணக்கு இது. வகுத்துப் பார்த்தால் அவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10.7 லட்சம். கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்றரை லட்சத்துக்குச் சேரும் ஃப்ரெஷர் வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறார். அவரிடமிருந்து அளந்தால் 2,200 மடங்கைத் தாண்டுகிறது.

அவராவது வரிசையில் இருக்கிறார். பெரும்பாலான நிறுவனங்களில் வாசல் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அம்மா, கேன்டீன் பையன் எல்லோரும் கான்ட்ராக்டரின் ஆட்கள்; இந்தக் கணக்கில் அவர்களுக்கு இடமே கிடையாது. இந்தியத் தொழிற்சாலைகளிலோ தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தக்காரர் வழியே வருபவர்கள். குறைந்த சம்பள வேலைகளையெல்லாம் ஒரு நிறுவனம் கான்ட்ராக்டுக்கு விட்டுவிட்டால், நடுவில் நிற்பவரின் ஊதியம் ஏறியதாகத் தெரியும், மடங்கு இறங்கும். யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது! இந்த எண்ணைக் காட்டி இடைவெளி குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், செக்யூரிட்டிக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று முதலில் கேளுங்கள்.

நம்பிக்கை: எப்படியும் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறதே.

உண்மை: இருக்கிறது, லாபத்தில் சதவீதமாக. ஒரு நிர்வாக இயக்குநருக்கு நிகர லாபத்தில் 5 சதவீதம், இயக்குநர்கள் அனைவருக்கும் சேர்த்து 11 சதவீதம். 25,000 கோடி லாபம் என்றால் 5 சதவீதமே 1,250 கோடி. 80 கோடி அதன் கிட்டக்கூட வராது.

வரம்பை மீற வேண்டுமென்றாலும் 2018 செப்டம்பரிலிருந்து மத்திய அரசின் அனுமதி தேவையில்லை. பங்குதாரர் வாக்கில் நான்கில் மூன்று பங்கு கிடைத்தால், பெரும்பாலும் அதுவே போதும். நம் ஊர் நிறுவனங்கள் பலவற்றில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நிறுவனர் குடும்பத்திடம் இருக்கிறது. ஓட்டுப் போடுபவரும் சம்பளம் வாங்குபவரும் சில இடங்களில் ஒரே வீட்டார்.