உப்பு விளையும் நம் ஊர்

தூத்துக்குடியில் வாழும் நாம் அனைவரும் இங்கேயே பிறந்தவர்கள் அல்லர். துறைமுகம், வங்கி, இரயில்வே என்று தந்தையர்க்கு மாற்றல் வந்ததால் குடிவந்த குடும்பங்கள் பல. குற்றாலச் சாரலையும் தாமிரபரணிப் படித்துறையையும் விட்டு வந்தவர்களின் வாயில் முதலில் வரும் சொற்கள் வெயில், புழுதி, உப்புத் தண்ணீர். பனிமய மாதா திருவிழாவின்போது மட்டும் ஊர் அழகாகத் தோன்றும். ஆகஸ்டு 5 கழிந்ததும் பழைய குறைகள் திரும்பிவிடும்.

அந்த வெயிலையும் காற்றையும் பாடமாகவே படித்துப் பார்ப்போமே. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தன் மறுபுறத்திலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. மலையைத் தாண்டி நம்மிடம் வருவது வறண்ட காற்று. நம் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான்; அதிலும் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். சீருடையில் புழுதி படியச் செய்யும் இதே காற்றுதான் உப்பை விளைவிக்கிறது. சாரல் விழும் ஊரில் உப்பளம் அமைக்க இயலாது!

கடல்நீரை, அல்லது நிலத்தடியிலுள்ள உவர்நீரை, முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். நீர் ஆவியாக ஆக அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். நீரின் செறிவைப் பாமே என்னும் அளவால் அறியலாம். கடல்நீர் சுமார் 3 டிகிரி இருக்கும். செறிவு ஏறும்போது ஜிப்சம் முதலில் படிந்து பிரிந்துவிடும். 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். ஏறக்குறைய 29 டிகிரியில் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பு ஏறும். நம் வேதியியல் நூலில் படிகமாதல் என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும் செய்தி, இங்கே பல ஏக்கர் பரப்பில் நடக்கிறது. தமிழகத்து உப்பில் பெரும்பங்கு நம் மாவட்டத்தினுடையது.

முத்துநகர் என்னும் பெயரில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961 ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. முத்து பெயரில் இருக்கிறது. உப்பு ஊருக்குச் சோறு போடுகிறது.

திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் பக்கம் சென்றால் அந்த உழைப்பை நேரிலேயே காணலாம். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு இருட்டாக வேலை தொடங்கிவிடும். நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். பெண்கள் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். செறிந்த உவர்நீர் பாதங்களை வெடிக்கச் செய்யும். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்களை வருத்தும். மலைப்பொழிவில் ஆண்டவர் தம் சீடர்களுக்கு உவமையாக எடுத்துக்கொண்ட பொருள், இத்தனை பாடுபட்டுத்தான் நம் வீட்டு அடுப்படிக்கு வருகிறது.

அந்த அன்னையரின் மகள்களும் நம்மோடுதான் படிக்கிறார்கள். "இது என்ன ஊர்!" என்று நாம் சலித்துக்கொள்வது அவர்கள் காதிலும் விழுகிறது. ஐப்பசியில் அடைமழை பிடித்து, பள்ளிக்கு விடுமுறை என்றதும் நாம் கைதட்டுகிறோம். அந்நேரம் உப்பளங்களில் பாத்திகள் நிரம்பிக் கிடக்கும். கரையில் குவித்த உப்பைக் கரையாதபடி மூடிவிட்டு, அந்தத் தாய்மார் மீண்டும் வேலை தொடங்கும் தை மாதத்தை எண்ணிக் காத்திருப்பார்கள்.