இந்த நாவலைப் படியுங்கள் என்று சொல்லும்போது

ஒரு நூலை இன்னொருவர் மனத்தில் சேர்ப்பது எப்படி என்பதற்குத் தென்காசி, குற்றாலப் பக்கத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. ரசிகமணி டி.கே.சி. 1954-ல் மறையும்வரை தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தவர். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். குற்றாலத்துக்கு வருவதற்கு முன்பு, திருநெல்வேலியில் ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் நண்பர்களுக்குக் கம்பனை அவர் அறிமுகம் செய்த விதம் எளிமையானது. ஒரு பாட்டை எடுப்பார், வாய்விட்டுச் சொல்வார், மறுபடியும் சொல்வார். கம்ப ராமாயணத்தில் இன்னும் எத்தனை ஆயிரம் பாட்டு பாக்கி என்ற மலைப்பு கேட்பவருக்கு வராது. அந்த ஒரு பாட்டு போதும்; மீதியை அவரே தேடிப் போவார்.

அறிவியல் கதைகளையும் மாயக் கதைகளையும் நேசிக்கிறவர்களுக்கு இந்த வழி மற்றவர்களைவிட அதிகம் தேவை. குடும்பக் கதையோ சரித்திரக் கதையோ கொடுத்தால் ஆள் வாங்கிப் பார்ப்பார். ரோபோ, வேற்றுக் கிரகம் என்றால் அட்டையைத் திறக்கும் முன்பே "நமக்கு ஒத்துவராது" என்று திருப்பித் தந்துவிடுகிறவர்கள் நிறைய.

செய்ய வேண்டியவை

முதலில் கேளுங்கள். எதிரே இருப்பவர் இதுவரை எதை ரசித்திருக்கிறார் என்று தெரியாமல் புத்தகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். "எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எல்லாம் புரியாது" என்கிற, ஐம்பது தாண்டிய அண்ணாச்சியிடம் "சின்ன வயசுல முத்து காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரிகிற ஒருவனின் கதை. அவர் பள்ளிக்கூட நாளிலேயே அறிவியல் கதை வாசகர்தான்; யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்புலிமாமாவில் வேதாளத்தின் கேள்விக்காக அடுத்த மாதம்வரை காத்திருந்த அக்காவுக்கும் மாயக் கதை புதிதல்ல.

சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். நாவலைத்தான் கொடுக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கும். ஆனாலும் நம்பிக்கை வரும்வரை சின்னதைக் கொடுப்பதே நல்லது. நெல்லைக்காரரான புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே சென்னைக்கு வந்து பிள்ளையோடு காப்பி குடிக்கிறார். நடக்க முடியாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் மிக யதார்த்தமாகச் சொல்லிக்கொண்டு போகிற இந்த வித்தை பிடிபட்டுவிட்டால் வேறு எந்த மாயக் கதையும் அன்னியமாக இராது. குற்றாலத்து மூலிகைகளிலும் சித்த மருத்துவத்திலும் ஈடுபாடு உள்ளவர் என்றால் நான் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பைத்தான் நீட்டுவேன். அதிலும் ‘ஐந்தாவது மருந்து’ கதையை முதலில் படிக்கச் சொல்வேன். நம் மருத்துவ மரபுக்குள்ளிருந்தே ஓர் அறிவியல் கதை பிறக்க முடியும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுகிற தமிழ்க் கதையை நான் படித்ததில்லை.

தொடக்கத்தை மட்டும் சொல்லுங்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கு இவ்வளவு போதும்: குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி தர வேண்டிய ஒரு காலம். நிலா என்ற பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. பிறகு அவள் கணவன் காணாமல் போகிறான். வீட்டுக்கு ஒருவன் வந்து சேர்கிறான், கூடவே ஜீனோ என்ற இயந்திர நாய். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். விகடனில் தொடராக வந்த எழுத்து அது. காதில் விழுந்தாலே இழுத்துக்கொண்டு போகும். அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வையும் கையோடு எடுத்து வையுங்கள். முதல் பாகத்தை முடித்தவர் இரவு பத்து மணிக்கு உங்களுக்கு ஃபோன் செய்வார்.

ஆளுக்கு ஏற்ற வாசலைத் தேடுங்கள். அரசியல் பேசுகிறவருக்கு க.நா.சு. மொழிபெயர்த்த ஆர்வெலின் ‘1984’. நூலகத்திலேயே பொழுதைக் கழிக்கிற மாணவருக்கு, புத்தகங்களைக் கொளுத்துவதே வேலையாகக் கொண்ட தீயணைப்பு வீரனைப் பற்றிய ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’; அதை வெ. ஸ்ரீராம் தமிழில் தந்திருக்கிறார். "இதெல்லாம் வெள்ளைக்கார ஆண்கள் எழுதுவது" என்கிற கல்லூரிப் பெண்ணிடம், ரொகேயா ஹொசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ பற்றிச் சொல்லுங்கள். பெண்கள் ஆளும் நாடு அது. சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்துகிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். 1905-ல், நம் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கில இதழில்தான் அது முதலில் அச்சானது.

கிடைக்கிற புத்தகத்தைச் சொல்லுங்கள். தென்காசி நூலகத்தில் இருக்கிறதா, பொதிகைப் புத்தகத் திருவிழாவில் வாங்கலாமா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பதிப்பு நின்றுபோன நூலைப் புகழ்ந்தால் ஏக்கம்தான் மிஞ்சும்.

செய்யக்கூடாதவை

பட்டியல் தராதீர்கள். பத்துப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பத்தும் அங்கேயே கிடக்கும்.

உங்களுக்கு உயிரான பெரிய நாவலை முதல் நாளே தூக்கிக் கொடுக்காதீர்கள். 1997-ல் வெளிவந்த ‘விஷ்ணுபுரம்’ தமிழில் ஒரு முழுக் கற்பனை நகரத்தையே, அதன் கோயில், தத்துவம், பிரளயத்தோடு கட்டி எழுப்பிய நாவல். எனக்கு அதன்மேல் பெரும் மரியாதை உண்டு. அதனாலேயே சொல்கிறேன், பழக்கமில்லாதவருக்கு அது முதல் புத்தகம் அல்ல. கொடுக்கும் நாள் வரும்போது, ஆரம்பப் பக்கங்கள் மெதுவாகத்தான் நகரும் என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும் இதே கதைதான்: டோல்கீனின் மூன்று பாகப் பெரிய நாவலுக்கு முன், 1937-ல் வந்த அவரது ‘தி ஹாபிட்’டைக் கொடுங்கள்.

ஆசிரியர் சொன்னது பலித்ததா என்று மார்க் போடாதீர்கள். ‘என் இனிய இயந்திரா’ நடக்கும் காலமாகச் சுஜாதா வைத்த 2021 வந்து போய்விட்டது. ஜீனோ நம் வீட்டில் இல்லை. அதனால் நாவல் பழசாகிவிடவில்லை. எண்களாக்கப்பட்ட குடிமக்கள், திரையில் மட்டுமே தெரியும் தலைவர், கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும் ஓர் இயந்திரம் என்று அது எழுப்பிய பயங்கள் இப்போதுதான் நமக்கு நன்றாகப் புரிகின்றன. அதைச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் நம்ம புராணத்துலயே இருக்கு" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். புஷ்பக விமானத்தை விண்கலம் ஆக்கினால் புராணத்துக்கும் பெருமை இல்லை, நாவலுக்கும் இல்லை. இரண்டும் வெவ்வேறு வகையில் மனத்தை விரிப்பவை. படித்து முடித்த பிறகு அவரே ஒப்பிட்டால் அது அருமையான உரையாடல். நீங்கள் முன்கூட்டியே ஒப்பிட்டால் அவர் படிக்கவே தேவையில்லாமல் போய்விடும்.

"எந்திரன் மாதிரி இருக்கும்" என்று சொல்லாதீர்கள். படத்தை எதிர்பார்த்து உட்காருவார், சண்டைக் காட்சி வரவில்லை என்று மூடிவிடுவார்.

பிடிக்கவில்லை என்றால் வாதாடாதீர்கள். எந்தப் பக்கத்தில் நின்றார் என்று மட்டும் கேளுங்கள். பெயர்கள் குழப்பியதா, அறிவியல் விளக்கம் நீண்டதா, கதாபாத்திரங்கள் ஒட்டவில்லையா? அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் பதில் போதும். பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம் "படிச்சாச்சா?" என்று விரட்டினால் உங்களைக் கண்டாலே அவர் எதிர்ப்பக்கம் போவார்.

ஒரே பிரதியை ஜூன், ஜூலையில் குற்றாலத்துக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். ஐந்தருவிக்குப் போகிற பையில் ஈரத் துண்டோடு சேர்ந்து பயணம் செய்யும். சாரல் காற்றிலேயே தாள் நெளிந்துவிடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள்.

பதிலுக்கு அவர் ஒன்றைச் சொன்னால் தட்டாதீர்கள். தென்காசிப் பக்கத்துக் கழுநீர்குளத்தைச் சேர்ந்த கழனியூரன் சேகரித்த நாட்டார் கதைகளை ஒருவர் உங்கள் கையில் திணிக்கலாம். டிராகனைத் தேடி அலைகிற உங்களுக்கு அது சின்னதாகத் தெரியலாம். முழுசாகப் படியுங்கள், எந்தக் கதை பிடித்தது என்று போய்ச் சொல்லுங்கள். உங்கள் இரண்டாவது சிபாரிசை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.