வெள்ளைக்கல்லும் கடலடிக் கல்லும்

சேலத்திற்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் வெண்மையாய்த் தோன்றும் குன்றுகளை ஆங்கிலேயர் சீமைச்சுண்ணாம்புக் குன்றுகள் என்றழைத்தனர். சீமைச்சுண்ணாம்பென்பது கடலில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து திரண்ட கல்லாகும். ஆகவே இக்குன்றுகளும் முன்னொரு காலத்தில் கடலடியில் இருந்தனவோ என்று மாணவர் சிலர் எம்மை வினவினர். பெயர் அவர்களை ஏமாற்றிவிட்டது. நீர்த்த அமிலத்தில் ஒரு துளி விட்டால் சீமைச்சுண்ணாம்பு உடனே நுரைத்துப் பொங்கும். நம் வெள்ளைக்கல்லோ சூடேற்றாத அமிலத்தில் வாளாவிருக்கும். மக்னீஸியம் மிகுந்த ஆழ்பாறையைக் கரியமிலவாயு கலந்த நீர் மாற்றியதால் விளைந்த மாக்னஸைட்டு அது. அதனுள் சிப்பியைத் தேடுதல் வீண்.

நம் சமவெளியில் கடலின் சுவடு அறவே இல்லையென்றும் கூறலாகாது. கஞ்சமலையின் இரும்புக்கல் பழங்கடலடியில் வரிவரியாய்ப் படிந்ததே. ஆயினும் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வெப்பமும் அழுத்தமும் அதனை உருமாற்றிவிட்டன. ஓடுடைய பிராணிகள் அன்று தோன்றியிருக்கவுமில்லை.

கடலடிக் கல்லில் உயிர்ச்சுவட்டைக் காண விரும்புவோர் இமயத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கை நோக்குவாராக. அங்கே 12,000 அடிக்கு மேல், டிரியாசிக் காலத்துக் கடற்படிவுகள் அடுக்கடுக்காய் உள்ளன. அக்காலம் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 20 கோடியில் முடிந்தது. 1864-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா என்பவர் இப்படிவுகளுக்கு லிலாங் என்னும் சிற்றூரின் பெயரை வழங்கினார். இப்படிவு முழுதும் ஆழ்கடலுக்குரியதன்று. மேலடுக்குகள் ஆழங்குறைந்த நீரின் சுண்ணாம்புக்கல்லே. இடையிலுள்ள கருநிறக் களிக்கற்களே நம் கருத்தைக் கவர்வன. டவோனெல்லா, ஹலோபியா என்னும் சிப்பிகள் அவற்றில் விசிறிபோன்ற வரிகளுடன், காகிதம்போல் மெலிந்து, ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்து கிடக்கின்றன. இத்துணை மெல்லிய ஓடு நொறுங்காதது எங்ஙனம்? கரையினின்று விலகிய ஆழ்ந்த நீரில் அலை எட்டவில்லை. நுண்சேறு மெல்ல மெல்லப் படிந்தது. பிராணவாயு குறைந்தமையால் சேற்றைக் கிளறும் புழுக்களும் அரிதாயின. சுருள் ஓடுடைய அம்மோனைட்டு இனங்களும் இவ்வடுக்குகளில் உண்டு. நாம் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் அவ்வினத்ததே. ஆனால் அது பிந்திய ஜுராசிக் காலத்தது.

இச்சிப்பிகள் ஆல்ப்ஸ் மலையிலும் கிடைக்கின்றன. இரு மலைகளையும் இணைத்திருந்த அப்பழங்கடலுக்கு எட்வர்டு சூயெஸ் 1893-இல் டெதிஸ் எனப் பெயரிட்டார். இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது அதன் அடித்தளம் மடிந்து மலையாய் உயர்ந்தது.

ஸ்டோலிக்ஸ்கா நமக்கும் அந்நியரல்லர். அரியலூர், திருச்சிப் பகுதிகளின் கிரெட்டேசியக் காலத்துச் சங்கு சிப்பிகளைக் கல்கத்தாவில் ஆராய்ந்து பெருநூல்களாய் வெளியிட்டவர் அவரே. 1874-இல் யார்க்கண்டிலிருந்து திரும்புகையில், லடாக்கின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தபின் நோயுற்று, 36-ஆம் வயதில் இறந்தார். லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

ஸ்பிதி செல்ல இயலாத நம் மாணவர், விடுமுறையில் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் பக்கம் ஒருமுறை போய் வரலாம். காலம் வேறாயினும் அங்கே கடற்சிப்பியைக் கல்லிலேயே காணலாம். சிமெண்டுக்காக நாள்தோறும் அக்கல் வெட்டப்படுகிறது. ஆதலின் விரைந்து போதல் நன்று.