ஹீட் முள் ஏறுகிறதா? எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் ஹீட் முள் ஏறியதுமே, "ஹெட்டைக் கழட்டிப் பார்க்கணும் சார்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிடுவார்கள். உடனே தலையாட்டாதீர்கள். சூடாவது எஞ்சினா, தப்பாகக் காட்டுவது மீட்டரா என்பது முதலில் தெரியவேண்டும். பாதிச் சோதனையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

பெட்ரோல் முள்ளும் சேர்ந்து கோளாறு செய்கிறதா என்று கவனியுங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் ஒரே ஸ்டெபிலைசரிலிருந்துதான் மின்சாரம் வரும். அது பழுதானாலோ, அதன் எர்த் விட்டுப்போனாலோ டாங்க்கும் நிறைந்ததுபோல் காட்டும், எஞ்சினும் கொதிப்பதுபோல் காட்டும். இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஹீட் முள் மட்டும்தான் என்றால், இரவு முழுக்க ஆறிய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டோடு திறக்கவே கூடாது. மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. அழுத்தம் போன கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது, 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியை மாற்றினாலே போதும், செலவும் குறைவு. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால், யாரோ கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது சென்சார். பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஒற்றை ஒயரோடு இருக்கும். சாவியை ஆன் செய்து அந்த ஒயரைக் கழற்றினால் முள் கீழே விழவேண்டும். விழாமல் மேலேயே நின்றால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. புதிய வண்டிகளில் ஒயரைத் தொடவேண்டாம், ஸ்கேனர் மாட்டி வெப்பநிலையை நேரடியாகப் படித்துவிடலாம்.

மீட்டர் சரியாக இருந்து எஞ்சின்தான் சூடாகிறது என்றால், எப்போது சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்னலில் ஏறி, ஹைவேயில் இறங்கினால் ஃபேன். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். நகரத்துக்குள் சரியாக ஓடி, ஏற்காடு மலை ஏறும்போது மட்டும் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் சில்லென்றே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமலிருக்கலாம். அதைக் கழற்றி, தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில், பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில், திறக்கத் தொடங்கவேண்டும். சிலர் தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்துவிட்டு வண்டியை விற்கிறார்கள். ஹைவேயில் முள் நடுவுக்கே வராவிட்டால் இதைச் சந்தேகியுங்கள்.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். இன்னும் 2 கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழி விடாமல் வருவது, ஆயில் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளையாகப் படிவது, வெளியே ஒழுகாமலேயே தண்ணீர் குறைவது: இவை சேர்ந்து தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னது சரிதான். வண்டியை இன்னும் வாங்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் முள் மட்டும் தகராறு என்றால் டாங்க்குக்குள் இருக்கும் மிதவையைப் பாருங்கள். ஃபுல் டாங்க் அடித்தும் முள் எழவே இல்லையென்றால் மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் முள் துள்ளினால் மிதவையின் அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்டரின் (sender) தடம் தேய்ந்திருக்கிறது. பல கார்களில் பின்சீட்டுக்கு அடியிலேயே இதன் மூடி இருக்கும். பெட்ரோல் ஆவி இருக்கிற இடம் என்பதால் ஒயரை உரசிப் பார்க்கவேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், மல்டிமீட்டரால் மட்டும் சோதியுங்கள். சரியாகும்வரை டிரிப் மீட்டரை வைத்துக் கணக்குப் பார்த்து, கால் டாங்க் இருக்கும்போதே பங்க்குக்குப் போய்விடுங்கள். டாங்க்குக்குள் பம்ப் இருக்கும் வண்டிகளில் அந்தப் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது.