சென்னைக் குப்பை: நாம் நம்புவதும் நடப்பதும்

"நாம என்னதான் பிரிச்சுக் குடுத்தாலும் அவங்க ஒரே லாரியிலதான் கொட்டுறாங்க." சென்னையின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் குப்பைப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது இதுதான். இதில் பாதி உண்மை. பிரித்து வைத்ததை வண்டியில் ஏற்றும்போதே கலந்துவிடும் தெருக்கள் இருக்கின்றன. அது மாநகராட்சியின் குறை. 1913 என்ற எண்ணில் விடாமல் புகார் செய்ய வேண்டிய குறை. அதைச் சாக்காக வைத்து நம் வீட்டுத் தொட்டியிலேயே எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதுதான் தவறு.

ஏனென்றால், குப்பை கெடுவது லாரியில் அல்ல, அடுப்படியில். அட்டைப்பெட்டிக்கும் பழைய செய்தித்தாளுக்கும் காயலான் கடையில் விலை உண்டு. அதன்மேல் மிச்சச் சாம்பாரைக் கொட்டிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். ஒரு பை காகிதத்தைக் கெடுக்க ஒரு கை சாதம் போதும். பால் கவரையே பாருங்கள். மூலையைக் கத்தரித்துத் தனியாக எறிகிறோம். அந்தத் துணுக்கு பொறுக்க முடியாத அளவுக்குச் சின்னது, மண்ணோடும் சாக்கடையோடும் போய்விடுகிறது. துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டி, ஒருமுறை அலசிக் காயவைத்தால் மொத்தக் கவரும் கடைக்குப் போகும். பிரித்த உலர்குப்பையில் பெரும்பகுதி லாரி ஏறவே தேவையில்லை. பழைய பேப்பர்க்காரரும், வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளரும் அதை வழியிலேயே காசாக்கிவிடுகிறார்கள்.

கலந்த குப்பைக்குப் போக்கிடம் கொடுங்கையூர், பெருங்குடிக் கிடங்குகள்தான். ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கொட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது அடுத்த நம்பிக்கை. இன்று அந்த இரண்டு இடங்களும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த அதே சதுப்பு நிலம். காற்றுப் படாமல் அமுங்கிக் கிடக்கும் சோறும் காய்கறித் தோலும் மீத்தேன் வாயுவை விடுகின்றன. கோடையில் அது பற்றிக்கொள்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி நாட்கணக்கில் எரிந்தபோது அந்தப் புகையைச் சுற்றுவட்டாரம் முழுவதும் மூச்சோடு இழுத்தது. அந்தக் குப்பைமலையைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்க, பெருங்குடிக்கு மட்டும் சுமார் 350 கோடி ரூபாய்த் திட்டம். வாழைப்பழத் தோலைத் தனியாக வைக்காததற்கு நாம் கட்டும் அபராதம் என்றே இதை நான் எண்ணுகிறேன்.

"எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. நம் குப்பையில் சரிபாதிக்கு மேல் ஈரம் நிறைந்த மக்கும் குப்பை. அதை எரிப்பதென்றால் முதலில் அதிலுள்ள தண்ணீரைக் காயவைக்கவே வெப்பம் செலவாகும். எரித்து முடித்தாலும் எடையில் ஏறத்தாழ கால்பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைக் கொட்டவும் இடம் வேண்டும். கொடுங்கையூர் மக்கள் அங்கே திட்டமிடப்பட்ட எரிஉலையை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

'மக்கும் பை' என்று அச்சடித்த கவர்களையும் நம்பிவிட வேண்டாம். அவற்றில் தரமானவைகூட, சுமார் 58 டிகிரி சூடு நிலைத்து நிற்கும் உர ஆலையில்தான் மக்கும். வாசல் செடித்தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வீட்டில் உரம் போட்டால் நாறும், புழு வைக்கும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். நாற்றத்துக்குக் காரணம் குப்பை அல்ல, தேங்கிய தண்ணீரும் காற்றின்மையும். அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட பழைய பெயின்ட் வாளி போதும். ஒரு பிடி காய்கறித் தோல் போட்டால், அதன்மேல் ஒரு பிடி காய்ந்த இலையோ தேங்காய் நார்க்கழிவோ தூவ வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடிக்கும். வெள்ளைப் புழு தென்பட்டால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் இரண்டு பிடி சருகு போட்டால் அடங்கும். இரண்டு மாதத்தில் மழை பெய்த மண்ணின் வாசனையோடு கறுத்த உரம் கிடைக்கும். இதை ஒரு நகரமே செய்து காட்டியிருக்கிறது. நகரத்துக் குப்பை கொட்டப்பட்ட சர்வோதயபுரம் மக்கள் லாரிகளை மறித்த பிறகு, கேரளத்தின் ஆலப்புழை 2012 முதல் வீடுதோறும் குழாய் உரம், எரிவாயுக் கலன்கள், தெருமுனை உரத்தொட்டிகள் என்று மாறியது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு முன்மாதிரியாக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் அதுவும் ஒன்று.

தனியாரிடம் விட்டால் எல்லாம் சீராகும் என்பது பெரியவர்கள் பலரும் சொல்வது. சென்னை இதை 2000ஆம் ஆண்டிலிருந்தே செய்து பார்க்கிறது. முதல் ஒப்பந்தம் எடைக்குக் காசு என்ற கணக்கில் போடப்பட்டது. டன் கூடக்கூடப் பணம் என்றால், குப்பையைக் குறைக்க யாருக்கு அக்கறை வரும்? 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாட்கணக்கில் அமர்ந்தது, தங்கள் வேலை தனியார் கைக்குப் போவதை எதிர்த்துத்தான். சேவையை மேம்படுத்தும் எந்தத் திட்டமும் அவர்களுடைய சம்பளத்திலிருந்தும் கையுறையிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"வரி கட்டுகிறோம், பிரிப்பது அவர்கள் வேலைதானே" என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரிப்பதையும், நாப்கினையும் டயப்பரையும் தனியே பொதிந்து தருவதையும் 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டாரின் கடமையாக்கின. நாம் அப்படித் தராதபோது, முடிச்சுப் போட்ட கறுப்புக் கவரை ஒரு பெண் தூய்மைப் பணியாளர் வெறும் கையால் கிழித்துத் திறக்கிறார். உள்ளே உடைந்த டியூப்லைட், ஊசி, டயப்பர். நம் வீட்டில் கண்ணாடி உடைந்தால் பழைய துணியில் சுற்றி, வண்டி வரும் நேரத்தில் அவரிடமே சொல்லிவிட்டுக் கையில் கொடுக்கலாம். மாநகராட்சி செய்ய வேண்டியது வேறொன்று. அடுத்த ஒப்பந்தத்தில், பிரித்துத் தந்த வீடுகளின் எண்ணிக்கைக்குப் பணம் தரட்டும். அந்தக் கணக்கை மாதந்தோறும் 200 வார்டு அலுவலகங்களின் வாசலிலும் ஒட்டட்டும்.